பணமாகத் தந்தால் எவ்வளவு கேட்பீர்கள்?

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் போன தடவை போனில் உன் குரல் காய்ச்சல்காரன் குரல் மாதிரி இருந்தது. அதையும் முழுதாகக் கேட்க விடவில்லை. "மீட்டிங் அக்கா" என்று பாதியிலேயே வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான் பேனா எடுத்தேன். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பிழை இருந்தால் உன் மருமகள் வாலுவைத் திட்டு. திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் டிவி பார்க்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணக்கெடுப்பு ஆபீஸிலிருந்து ஒரு பெண் எங்கள் குடியிருப்புக்கு வந்தாள். நாலு மாடி ஏறி வந்ததில் பாவம், வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "லிஃப்ட் இல்லையா?" என்றாள். லிஃப்ட் மெக்கானிக் உள்ளே கட்டிலில் இருக்கிறார், லிஃப்ட்தான் இல்லை என்றேன். உன் அத்தானுக்கு அந்தக் கிண்டல் பிடிக்கும். ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்காக இந்தப் படியில் இறங்கி ஏறுகிறார்.

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். முதலில் எல்லாம் நல்ல கேள்விகள். எனக்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் எவ்வளவு சம்பளம், எத்தனை பேர் சாப்பாடு, கரண்டுக்கு எவ்வளவு. டக் டக்கென்று சொன்னேன். பிறகுதான் ஆரம்பித்தாள். அரசாங்கம் குறைந்த வாடகைக்குத் தந்திருக்கும் இந்த வீட்டை எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பணமாகத் தந்தால் எவ்வளவு கேட்பீர்கள் என்றாள். ஜன்னலில் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதே, அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிட்டு, எங்கள் சலவைக்கூடத்தில் என் பக்கத்து மேசையில் பெட்ஷீட் இஸ்திரி போடுகிறவள் வெளியே என்ன வாடகை தருகிறாளோ அதையே சொன்னேன். வாலுவின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கும் ஏதோ ஒரு தொகை சொன்னேன்.

கடைசியில், "உங்க வீட்டுக்காரருக்கு இலவசமா நடக்கிற சிகிச்சைக்குப் பதிலா பணமா தந்தா எவ்வளவு கேப்பீங்க?" என்றாள்.

அத்தான் அங்கேயே படுத்திருக்கிறார். காது மட்டும் எங்கள் பக்கம். நான் விடுவேனா? உன் டேப்லெட்டில் எத்தனை கட்டம் இருக்கிறது என்றேன். ஆறு என்றாள். "ஆறுலயும் ஒன்பது போடும்மா. அதுல ஒரு காசு குறைஞ்சாலும் ஆளைத் தர மாட்டேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் அத்தான் கட்டிலிலிருந்தே, "அவ்வளவு விலை போவேன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே, வித்திருக்கலாம்" என்றார். விற்கத்தான் பார்த்தேன், வாங்க ஆள் வரவில்லை என்றேன். அன்று முழுக்க மனுஷன் முகத்தில் வெளிச்சம்.

இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்? உனக்குப் பக்கத்து நாற்காலிக்காரனா? அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிக்க முடியவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரன் இல்லை, அக்கா. அந்தக் கேள்வியை எழுதியது நான். சொல்ல வேண்டாமென்று நினைத்தேன், ஆனால் நீ வேறு யாரையோ திட்டுவதைப் படித்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. இதுவரை யார் ஏழை என்று பார்க்கக் கையில் வரும் காசை மட்டும்தான் எண்ணினார்கள். உனக்கும் உன் பக்கத்து மேசைக்காரிக்கும் ஒரே சம்பளம். ஆனால் அவள் சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது, உன்னுடையது போகவில்லை. இரண்டு பேரும் ஒரே அளவு ஏழை என்று எழுதினால் அது அவளுக்குச் செய்யும் அநியாயம். அதனால் வீடு, சாப்பாடு, மருத்துவம் என்று அரசாங்கம் பொருளாகத் தருவதற்கும் ஒரு மதிப்புப் போட்டு வருமானத்தில் சேர்க்கச் சொன்னார்கள். என்ன மதிப்பு என்பதில்தான் சண்டை. அரசாங்கத்துக்கு ஆகும் செலவை அப்படியே போடு என்றார் எங்கள் இயக்குநர். வாங்குகிறவர்களையே கேட்போம், அவர்களுக்கு அது எவ்வளவு பெறும் என்று அவர்களே சொல்லட்டும் என்று நான் மன்றாடி அந்தக் கேள்வியை உள்ளே கொண்டுவந்தேன்.

இந்தத் தடவை இது வெறும் கணக்கெடுப்பு இல்லை. இதை வைத்துத்தான் உதவி அட்டைகளைப் புதுப்பிக்கப் போகிறார்கள். அத்தானின் டயாலிசிஸ் அந்த அட்டையில்தான் நடக்கிறது.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். சிரித்து முடித்த பிறகு அந்தப் பெண் உன்னை மறுபடி கேட்டாளா? நீ வேறு ஏதாவது தொகை சொன்னாயா? அல்லது ஆறு ஒன்பதையும் போட்டுவிட்டே போனாளா? தயவுசெய்து விளையாட்டாக இல்லாமல் பதில் எழுது.

அன்புடன்,
தம்பி


மார்ச் 20

கணக்குப்புலித் தம்பிக்கு,

"பொறுமையாகப் படி" என்று எனக்கு எழுதுகிறாய். உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். சரி, பொறுமையாகவே படித்தேன். வாலுவையும் ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

நீ சொல்கிற நியாயம் புரிகிறது. பக்கத்து மேசைக்காரியிடம் உன் கேள்வியைச் சொன்னேன். "எனக்கு அந்த வீட்டைக் கொடுக்கச் சொல்லு, நான் எண்ணாமலே வாங்கிக்கறேன்" என்றாள். அவள் அறையில் மழை பெய்தால் வாளியை எங்கே வைப்பது என்று பிள்ளைகளுக்குள் சண்டை. அவளையும் என்னையும் ஒரே தட்டில் வைத்தால் தப்புதான். நான் ஒத்துக்கொள்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில்: அந்தப் பெண் மறுபடி கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே ஒன்பது ஒன்பதாகத் தட்டினாள், நானும் பக்கத்தில் நின்று எண்ணினேன். பிறகு கும்பிட்டுவிட்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டாள். விளையாட்டுக்குச் சொன்னது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? எந்த ஊரில் இஸ்திரி போடுகிறவளிடம் அவ்வளவு பணம் இருக்கிறது?

நீ பயப்படுகிற மாதிரி எழுதினால் எனக்கும் தொற்றிக்கொள்கிறது. நேற்று சலவைக்கூடத்தில் ஒரு தலையணை உறையைக் கருக்கிவிட்டேன். மேற்பார்வைக்காரர் முறைத்தார். தலையணைக்கு வெயில் பட்டுக் கறுத்துவிட்டது என்றேன், அவர் சிரிக்கவில்லை.

அத்தானுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று ஆஸ்பத்திரியில் கட்டளை. நான் அளந்து ஊற்றும்போது, "சொந்தப் பொண்டாட்டியே ரேஷன் கடை வச்சிருக்கா" என்கிறார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன், ஏறும்போது உட்கார. லிஃப்ட் மாட்டாமலே விட்டு, வயர் தெரிய நிற்கிற அந்தக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்.

உன் கடிதத்தில் அட்டை என்று ஒரு வார்த்தை வந்ததே, அதை அவரிடம் சொல்லவில்லை. ஒன்பது போட்டால் என்ன ஆகும் என்று சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதச் சொன்னாய். நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆறு கட்டத்திலும் ஒன்பது இருந்தால் எங்கள் இயந்திரம் அதைத் தொகையாக எடுத்துக்கொள்ளாது. 'பதில் இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் அடையாளமே அதுதான். அந்தப் பெண்ணுக்கும் அது பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. நீ பதில் சொல்ல விரும்பவில்லை, சிரித்து மழுப்புகிறாய் என்றே அவள் நினைத்திருப்பாள். அவள் மேல் தப்பில்லை.

அவள் ஒன்பதுகளையே தட்டினாள் என்று உன் கடிதத்தில் படித்தபோது, நல்லவேளை, கோடீஸ்வரி ஆகாமல் தப்பித்தாய் என்று ஒரு நிமிஷம் மூச்சு விட்டேன். அடுத்த நிமிஷம் மற்ற விதி ஞாபகம் வந்தது. பதில் இல்லாத இடத்தைக் காலியாக விடக்கூடாது. அங்கே ஆஸ்பத்திரிக்கு ஆகும் உண்மையான செலவைப் போட்டு நிரப்ப வேண்டும். என் கேள்வியை உள்ளே விடுவதற்கு இயக்குநர் கேட்ட விலை அது. ரொம்பப் பேர் பதில் சொல்லிவிடுவார்கள், இந்த விதிக்கு வேலையே இருக்காது என்று நினைத்து நானே அதை எழுதிக் கொடுத்தேன்.

டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி செலவழிப்பது உன் சம்பளத்தைப் போல் பல மடங்கு. அது முழுவதும் உன் வீட்டு வருமானமாக ஏறும். அத்தான் எத்தனை தடவை அந்த மெஷினில் படுக்கிறாரோ அத்தனைக்கத்தனை நீங்கள் தாளில் பணக்காரர்கள்.

உன் வீட்டுத் தகவலை நான் திறந்து பார்க்கவில்லை. சொந்தக்காரர்களுடையதைத் தொட்டால் வேலை போய்விடும். பார்க்காமலே தெரிகிறது, அதுதான் தொல்லை. பணம் அனுப்பலாமா என்று யோசித்தேன். மாதாமாதம் நான் அனுப்பினால் அதுவும் வருமானத்தில் சேர்ந்து உன்னை இன்னும் மேலே தள்ளிவிடும்.

ஒருவேளை எதுவும் ஆகாமல் போகலாம். ஏதாவது தபால் வந்தால் உடனே எழுது.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

தபால் வந்துவிட்டது.

எங்கள் குடும்பம் வறுமைக் கோட்டுக்கு மேலே போய்விட்டதாம். அடுத்த மாதம் முதல் உதவி அட்டை செல்லாது, சிகிச்சைக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறது. வாலு படித்துக் காட்டினாள். படித்து முடித்ததும், "அப்போ நாம பணக்காரங்களாம்மா?" என்றாள்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக் கவுண்டருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மாதிரிதான், கத்தவில்லை. "அட்டை இல்லேன்னா சிகிச்சை கிடையாது. சிகிச்சை இல்லேன்னா உங்க வருமானம் குறைஞ்சிடும். அடுத்த வருஷக் கணக்கெடுப்புல மறுபடி ஏழை ஆயிடுவீங்க, அப்போ அட்டை தருவாங்க" என்றார். அதுவரைக்கும் உன் அத்தானை எங்கே வைத்திருப்பது என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டயாலிசிஸ் இல்லாமல் இரண்டு வாரம் தாங்குவதே கஷ்டம் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருக்கிறாள்.

கேள்வியும் நீ எழுதினாய், விதியும் நீ எழுதினாய். நான் சிரித்தது ஒன்றுதான் என் பங்கு. உன்னை ஏதாவது சொன்னால் அத்தான் என்னைத் தடுக்கிறார். "அவன் நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருப்பான்" என்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் காசு கட்டிச் செய்துகொள்கிறேன், மற்ற இரண்டைத் தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறேன் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். வீட்டில் கணக்குப் போடுகிறவன் நீ ஒருத்தன் போதும்.

எனக்கு உன்மேல் கோபம். அது பிறகு இருக்கட்டும். இப்போது என்ன செய்வது என்று எழுது. இன்றே எழுது.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படு, அது நியாயம். முதலில் இதைச் செய்.

மறு விசாரணை என்று ஒன்று இருக்கிறது. உங்கள் வட்டார அலுவலகத்தில் மனு கொடு, மாத முடிவுக்குள் அழைப்பார்கள். குடும்பத்துப் பெரியவர்கள் இருவரும் நேரில் வர வேண்டும். நோயாளியைப் பார்த்துச் சரிபார்ப்பதும் விசாரணையில் சேர்த்தி, அதனால் அத்தானைத் தவிர்க்க முடியாது. அதிகாரி அந்த ஒரே கேள்வியை மறுபடி கேட்பார். நீ சொல்கிற தொகை பழைய இடத்தில் ஏறும்.

நீ ஒன்றுமில்லை என்று சொல். பூஜ்யம் ஏறினால் சம்பளமும் வீடும் வாலுவின் சாப்பாடும் மட்டும்தான் மிஞ்சும், நீங்கள் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவீர்கள்.

இது பொய்யில்லை. கையில் பணமாகத் தந்தால் நீ என்ன செய்வாய் என்பதுதான் கேள்வியின் அர்த்தம். சிகிச்சையால் உன் கைக்குச் செலவழிக்க ஒரு காசும் வருவதில்லை. வாலுவுக்குச் செருப்பு வாங்கவோ அரிசி வாங்கவோ அதைக் கொண்டு முடியாது. அந்த அர்த்தத்தில் அது பூஜ்யம்தான். என் மனசாட்சியைச் சமாதானப்படுத்த இதை எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

ரொம்ப முக்கியமானது: கிண்டல் செய்யாதே. சிரிக்காதே, காரணம் சொல்லாதே. விளையாட்டாகச் சொன்னதாக அதிகாரிக்குத் தோன்றினால் பதில் தெளிவாக இல்லை என்று எழுதிவிடுவார், திரும்ப ஆஸ்பத்திரிச் செலவுதான் ஏறும். இரண்டாவது தடவையும் கேட்பார்கள், அப்போதும் அதே வார்த்தையை அதே முகத்தோடு சொல்ல வேண்டும்.

அத்தானிடம் முன்பே விளக்கிவிடு. திடீரென்று காதில் விழக் கூடாது.

முடிந்ததும் ஒரு வரியாவது எழுது. இங்கே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி


மே 5

தம்பிக்கு,

அட்டை கிடைத்துவிட்டது. முதலில் அதை எழுதிவிடுகிறேன், நீ சாப்பிடு.

மற்றதையும் எழுத வேண்டும். எழுத எனக்கு ஆள் இல்லை, நீதான்.

அத்தானிடம் முன்பே சொன்னேன். நீ எழுதியதைப் பக்குவமாகச் சொல்ல எனக்கு எங்கே தெரிகிறது? "நாளைக்கு ஆபீஸ்ல உங்களைச் சல்லிக்காசுக்குப் பிரயோஜனமில்லைன்னு சொல்லப்போறேன், ரோஷப்படாம உக்காருங்க" என்றேன். அதுதான் தினமும் சொல்கிறாயே, புதிதாக ஆபீஸுக்கு வேறு போக வேண்டுமா என்று சிரித்தார். பஸ்ஸிலும் சிரித்துக்கொண்டுதான் வந்தோம்.

அறை சின்னது. மேசை, மூன்று நாற்காலி, சுவரோரம் கயிறு கட்டிய காகிதக் கட்டு. அதிகாரி எங்களை விடச் சின்னவர். அத்தானுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், கையில் ஊசி போடும் இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார், மரியாதையான பிள்ளை. பிறகு கேள்வியைப் படித்தார். அதே வார்த்தைகள், தம்பி. நீ எழுதினவை.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லை" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்க கணவருக்கு நடக்கிற சிகிச்சை. உங்களுக்கு அது ஒண்ணுமே பெறாதா?" என்றார்.

"ஒண்ணுமே பெறாது" என்றேன். சிரிக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. அத்தான் பக்கம் திரும்பினால் உதடு கோணிவிடும் என்று பயந்து திரும்பவே இல்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

அங்கேயே முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்து, எப்படி என் நடிப்பு, சினிமாவில் சேர்ந்துவிடவா என்றேன். அவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். இரண்டாவது மாடி ஸ்டூலில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரி நாள். எழுந்திருக்கவில்லை. களைப்பாக இருக்கிறது என்றார். நேற்று முன்தினமும் போகவில்லை. பையை எடுத்துக் கையில் கொடுத்தேன், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் சும்மா விடவில்லை, அது அட்டைக்காகச் சொன்னது, தம்பி சொல்லிக் கொடுத்தது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். தெரியும் என்கிறார். தெரிந்தால் கிளம்ப வேண்டியதுதானே என்றேன். அப்போதுதான் சொன்னார்.

"இத்தனை வருஷத்துல நீ சிரிக்காம சொன்னது அது ஒண்ணுதான்."

நீங்கள்தான் என் உயிர் என்று சொன்னேன் என்று வை, அதைக் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொள்வார், நான் அப்படி வளர்த்து வைத்திருக்கிறேன். அழுது சொல்லலாம் என்றால் எனக்கு அழுகை வருவதில்லை, பயம்தான் வருகிறது. முகம் ஊதியிருக்கிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருக்கிறார். சலவைக்கூடத்துக்குப் போனாலும் ஒரு மணிக்கொரு தடவை வாலுவுக்குப் போன் போட்டு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கிறேன்.

அட்டை அலமாரியில் இருக்கிறது. ஆளைக் கிளப்ப முடியவில்லை. நீ வா. உன் வாயால் சொன்னால் நம்புவார். நீ சின்ன வயசிலிருந்தே சிரிக்காதவன்.

அக்கா


மே 8

அக்காவுக்கு,

கடிதம் வந்ததும் வீட்டுக்குப் போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, உன் வேலையைப் பார் என்று வைத்துவிட்டார். உன் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நாளைக் காலையில் குழுக்கூட்டம். மருத்துவத்தை வருமானத்தில் சேர்க்கவே கூடாது, அந்தக் கேள்வியையே எடுத்துவிட வேண்டும் என்று பேசப் போகிறேன். இயக்குநர், இத்தனை நாள் அதற்காகச் சண்டை போட்டவன் இப்போது ஏன் மாறுகிறாய் என்பார். அக்கா என்று சொல்ல முடியாது. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கூட்டம் முடிந்த கையோடு பஸ் ஏறுகிறேன்.

இதை உங்கள் ஊர்ப் பக்கம் போகிற ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். எனக்காகக் காத்திருக்காதே. அதட்டியோ, தூக்கியோ, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டோ, எப்படியாவது அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு.

தம்பி


மே 15

அன்புள்ள தம்பிக்கு,

நீ வந்து பார்த்துவிட்டுப் போனதில் உன் அத்தானுக்கு ரொம்பத் திருப்தி. நீ இருந்த இரண்டு நாளும் பெரும்பாலும் அவர் தூங்கியதாலும், வாலு உன்னை விடாததாலும், நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. நீ வந்து இறங்கியபோது அவர் ஏற்கனவே மெஷினில் இருந்தாரே, எப்படி நடந்தது என்று கேட்டாய். பிறகு சொல்கிறேன் என்றேன். வார்த்தையில் வராது என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

உன் சீட்டு வந்த காலையில் நான் வேலைக்குப் போகவில்லை. அவருடைய பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, வாசலில் காவல்காரரிடம் வைத்துவிட்டு, மறுபடி மேலே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். அதட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. என்னிடம் பேச்சே தீர்ந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெயில் ஜன்னலிலிருந்து கட்டில் கால் வரைக்கும் வந்துவிட்டது. அவர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். பிறகு, "ஏன் இப்படி உக்காந்திருக்கே? ஏதாவது சொல்லு. நீ பேசாம இருந்தா எனக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு தோணுது" என்றார்.

சொல்ல முயன்றேன். குரல் வரவில்லை. அவர் பயந்துபோய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். நாலு மாடியும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எதிர் வீட்டுக்காரர் ஒரு பக்கம் தாங்கினார்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ் அவரைத் திட்டிய திட்டை எழுத முடியாது, வாலு திருத்தும்போது படிப்பாள். ஊசி ஏற்றி, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு அவர் இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார். மூச்சு கொஞ்சம் சீரானதும் மெதுவாகக் கேட்டார்.

"இப்போ ஆபீசர் இல்லை. பணமா தந்தா எவ்வளவு கேப்பே?"

நான் அங்கேயே உடைந்துவிட்டேன், தம்பி. அத்தனை கட்டில்காரர்களும் பார்க்க, மூக்கு ஒழுக, சலவைக்குப் போட்ட துணி மாதிரி அழுதேன். அவர் என் கையைத் தட்டிக்கொண்டே, "சரி சரி விடு. நானும் விக்க வரலை" என்றார். நர்ஸ் ஓடி வந்து, இரண்டு பேரில் யார் நோயாளி என்று கேட்டாள்.

இப்போது ஒழுங்காகப் போகிறார். இன்றைக்குப் போகும்போது, சலவைக்காரிக்குக் கண்ணீர் ஓடியதால் அந்த வார்டு சுத்தமாகிவிட்டது என்று என்னையே கிண்டல் செய்தார். விட்டுவிட்டேன். இந்த ஒரு மாதம் அவர் முறை.

உன் குழுவில் அந்தக் கேள்வியைப் பரிசீலிக்கிறோம் என்று சொன்னதாகச் சொன்னாய். பரிசீலனை என்றால் எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது. அட்டையின் பின்பக்கம் ஒரு வருஷத்துக்கு மட்டும் செல்லும் என்று போட்டிருக்கிறது, பிறகு மறுபடி ஆள் வருவார்களாம். பக்கத்து மேசைக்காரிக்கும் ஒரு வீடு கிடைக்கிற மாதிரி உன் கணக்கைப் போடு, அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் எடுக்கப் பார். எடுக்க முடியாமல் போனால், உன் அத்தான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ஆளை அனுப்பு. வாரத்தில் மூன்று நாள் அவர் இருக்க மாட்டார்.

இப்படிக்கு,
அக்கா